துவக்கு அனுமதிப்பத்திரமும் பாடசாலை வாசலும்

இலங்கையில் ஒருவர் சட்டப்படி துவக்கு வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் நூறு வயதைக் கடந்துவிட்டது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். இடையிடையே திருத்தங்கள் வந்தன. தண்டனைகள் கூடின. அனுமதி வழங்கும் கைகள் மாறின. ஆயினும் சட்டத்தின் எலும்புக்கூடு பிரித்தானிய ஆட்சிக்காலத்து எலும்புக்கூடே. யார் துவக்கு வைத்திருக்கலாம் என்று அது கேட்கிறது. எந்த வகைத் துவக்கு என்றும் கேட்கிறது. எங்கே அதைக் கொண்டு போகலாம், எங்கே கொண்டு போகலாகாது என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதேயில்லை. பாடசாலை, ஆலயம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ‘அனுமதிப்பத்திரம் இருந்தாலும் இதற்குள் துவக்கு வேண்டாம்’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் சட்டத்தில் இல்லை. மதுக்கடைக்கு அனுமதி கேட்டால் பாடசாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதிகாரிகள் அளந்து பார்ப்பார்கள். துவக்குக்கு அந்த அளவு நாடா கிடையாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் பலர் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதுண்டு. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் துவக்கு பற்றிய சட்டம் அன்றாடப் பேச்சு. ‘அங்கே எப்படி?’ என்ற அவர்களுடைய கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால் கொழும்பு 13ஐ விட்டு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் போதும்.

கொழும்பைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஓரிரு சொற்கள். துறைமுகத்தின் மதிலை ஒட்டிய பகுதி கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலம் இங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் அங்கே மெழுகுதிரி ஏற்றுவர். சிறிது நடந்தால் கருங்கல்லால் எழுந்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். அதற்கப்பால் ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு. மேட்டில் ஏறினால் கொட்டாஞ்சேனையின் புனித லூசியா பேராலயம். அதனைச் சூழப் புனித பெனடிக்ட் கல்லூரி, நல்லாயன் கன்னியர் மடம், விவேகானந்தா கல்லூரி எனப் பாடசாலைகள். ஒவ்வொரு பாடசாலையையும் மையமாக வைத்து அமெரிக்கச் சட்டம் சொல்லும் ஆயிரம் அடி வட்டத்தை இங்கே வரைந்தால், வட்டத்துக்கு வெளியே நிற்கும் தெரு அரிதாகவே இருக்கும்.

இந்தப் பகுதியின் வன்முறை வரலாறு பழையது. 1883 மார்ச் 25ஆம் திகதி, ஓர் உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கர்களால் தாக்கப்பட்டது. பேராலயத்தின் மணிகள் முழங்கின. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். கைகளில் இருந்தவை பெரும்பாலும் தடிகளும் கற்களுந்தாம். இலங்கையின் நவீன வகுப்புக் கலவரங்களில் முதலாவது என்று வரலாற்றாசிரியர் பலர் இதனைக் குறிப்பர். குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற முறைப்பாட்டுடன் கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றார். மறு ஆண்டு வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. அன்று அந்தக் கூட்டத்தின் கையில் துவக்குகள் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்த எண்ணத்துக்கு விடைபோல வந்தது 1915. கண்டியில் மே மாத இறுதியில் வெசாக் ஊர்வலமொன்றை ஒட்டி மூண்ட சிங்கள – முஸ்லிம் கலவரம் கொழும்புக்கும் மேல், தென் மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் பல சேதமுற்றன. ஆளுநர் சேர் றொபேட் சாமேர்ஸ் ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். பஞ்சாபிப் படையினர் வீதிகளில் இறங்கினர். தோட்டத்துரைமாரும் கொழும்பு வர்த்தகர்களும் தொண்டர் படையினராகத் துவக்கேந்தி வலம் வந்தனர். கலகக் கும்பல்களால் கொல்லப்பட்டோரைவிட, அரசின் துவக்குகளால் கொல்லப்பட்டோர் தொகை அதிகம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒருவர் ஹென்றி பேதிரிஸ். 26 வயது. செல்வந்தரின் மகன். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டன். அதாவது, அரசாங்கமே நம்பித் துவக்குக் கொடுத்த மனிதர். கூட்டத்தின்மீது சுட்டார், மக்களைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டி, இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, 1915 ஜூலை 7இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் நிரபராதி என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற கருத்து. சிங்களத் தலைவர்கள் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்த அந்நாட்களில், சட்டசபையில் எழுந்து இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கொச்சிக்கடைச் சிவன் கோயிலைத் தந்தையார் பொன்னம்பல முதலியார் அமைக்க, அதனைக் கருங்கல்லில் புதுக்கியவர் இதே இராமநாதன்தான். போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடித் திரும்பிய அவரை, சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்துச் சென்ற காட்சியை நம் மேடைகள் இன்றும் சொல்லிக் களிக்கின்றன. கடைகளையும் உயிர்களையும் இழந்த முஸ்லிம்களுக்காக அவர் அதே குரலில் பேசவில்லை என்ற மனக்கசப்பு அந்தச் சமூகத்தில் நெடுங்காலம் இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேடைகளில் அதைச் சொல்வோர் குறைவு.

கலவரத்தின் மறு ஆண்டே சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரமின்றி ஒருவர் துவக்கு வைத்திருக்கலாகாது, செய்யலாகாது, விற்கலாகாது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். புதுப்பிக்க வேண்டும். கச்சேரியில் அமர்ந்திருக்கும் அரசாங்க அதிபர், விண்ணப்பித்தவர் தகுதியானவர்தானா என்று தீர்மானிப்பார். இந்தியாவின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் இதே மனப்பாங்கைக் காணலாம். குடிமக்களை அடிப்படையில் நம்பாத ஆட்சி, அவர்களுள் நம்பத்தக்க சிலரைத் தெரிந்தெடுத்துச் சலுகையாகத் துவக்கைக் கொடுத்தது. உரிமை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. அந்த ஒரு விடயத்தில் காலனித்துவச் சட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடைமுறையில் சட்டம் இரு உலகங்களைத் தொட்டது. ஒன்று வயல். காட்டுப்பன்றியும் குரங்கும் யானையும் பயிரை அழிக்கும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மொனராகலையிலும் விவசாயிகளுக்கு ஒற்றைக்குழல் துவக்கு. இதற்கான அனுமதி மாவட்டச் செயலகத்தில் கிடைக்கும். மற்றது நகரம். தற்பாதுகாப்புக்கென வர்த்தகர்களும் அரசியல்வாதிகளும் வைத்திருக்கும் கைத்துப்பாக்கிகள். இவற்றுக்கு அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு. அனுமதிக்கு வெளியே மூன்றாவதாக ஓர் உலகமும் உண்டு. நாட்டுக் கொல்லர் செய்யும் இடியன் துவக்கும், காட்டுப் பாதையில் விலங்குக்கு வைத்து மனிதனின் காலை வாங்கும் கட்டுத்துவக்கும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பதிவேடு என்றதும் ஒரு செய்தி. 1987 முதல் 1989 வரையான மக்கள் விடுதலை முன்னணிக் கிளர்ச்சிக் காலத்தில், தெற்கின் கிராமங்களில் இரவில் கதவு தட்டப்படும். அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் வீட்டுக்கே ஆட்கள் வருவார்கள். யாரிடம் துவக்கு இருக்கிறது என்பது ஊரறிந்த விடயம். அரசு நம்பிக் கொடுத்த துவக்கு ஒரே இரவில் அரசுக்கு எதிரான துவக்காகிவிடும். வடக்கு, கிழக்கில் எல்லைக் கிராமங்களின் ஊர்காவற் படையினருக்கு அரசே கொடுத்த துவக்குகளின் கதை வேறு. அது தனியாக எழுதப்பட வேண்டியது.

1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைப் பெரிதும் கூட்டியது. தன்னியக்கத் துவக்கை அனுமதியின்றி வைத்திருந்தால் ஆயுட்சிறை. பாரதூரமான சில குற்றங்களைத் துவக்குடன் செய்தால் மரண தண்டனை வரை. 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் அந்த வரி ஏட்டிலேயே இருக்கிறது. இராணுவத்திலிருந்து தப்பியோடியவர்கள் ஆயுதங்களுடன் பாதாள உலகக் குழுக்களிற் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதே 1996 மார்ச் 13இல் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் ஆரம்பப் பாடசாலையில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைகாரன் பயன்படுத்தியவை அனைத்தும் அனுமதி பெற்ற துவக்குகள். மறு ஆண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பதை ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்தது. ஒரே காலத்தில் இரு நாடுகள் சட்டத்தைத் திருத்தின. அனுமதிப்பத்திரம் என்ற கடதாசியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள். நாங்கள் கடதாசி இல்லாதவர்களின் தண்டனையைக் கூட்டினோம்.

அமெரிக்காவின் வழி மூன்றாவது. 1990இல் அந்நாட்டுக் காங்கிரஸ் பாடசாலையைச் சுற்றிய ஆயிரம் அடிக்குள் துவக்கைத் தடைசெய்தது. டெக்சாஸின் சான் அன்ரோனியோ நகரில், 1992இல் பாடசாலைக்குக் கைத்துப்பாக்கியுடன் வந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1995இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்றது. பாடசாலைக்கருகே துவக்கு வைத்திருப்பது மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் ஆகாது, எனவே காங்கிரசுக்கு அதில் அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். மறு ஆண்டு, மாநிலங்களுக்கிடையே நகர்ந்து வந்த துவக்குகள் என்ற சொற்களைச் சேர்த்துச் சட்டத்தை மீண்டும் நிறைவேற்றினார்கள். ஆனால் அதில் ஒரு வாசல் திறந்தே இருந்தது. பாடசாலை அமைந்துள்ள மாநிலம் உரிய முறையில் அனுமதி வழங்கியவருக்குத் தடை பொருந்தாது.

அந்த வாசல் வழியாகத்தான் மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பின், சில மாநிலங்கள் சட்டத்தை இறுக்கின. தெற்கு டகோட்டா 2013இல் பாடசாலைப் பணியாளர்கள் துவக்கு வைத்திருக்க வழிசெய்தது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அனுமதி பெற்றோர் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற சட்டம் 2016 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே நடந்தவர்களைச் சுட்டுத் தள்ளியது 1966 ஆகஸ்ட் 1. சரியாக ஐம்பது ஆண்டுகள்! ஒஹையோவில், பாடசாலையில் துவக்கேந்தும் ஆசிரியருக்குப் பொலிஸாருக்குரிய 700 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சி வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2022இல் சட்டமன்றம் அதை 24 மணி நேரமாகக் குறைத்தது. டென்னசி 2024இல் ஆசிரியர்களுக்கு அனுமதி கொடுத்ததோடு, எந்த ஆசிரியரிடம் துவக்கு இருக்கிறது என்பதைப் பெற்றோருக்கே சொல்ல வேண்டியதில்லை என்றது. நம் பிள்ளைக்குக் கணிதம் சொல்லித் தரும் ஆசிரியையின் கைப்பையில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை பெற்றோருக்கு இல்லை!

எங்கள் தீவில் பாடசாலைக்கும் துவக்குக்கும் உள்ள உறவு வேறு வகையில் எழுதப்பட்டது. இங்கே மனநிலை பிறழ்ந்த தனியொருவன் வகுப்பறைக்குள் நுழைந்து சுட்ட கதைகள் நம் வரலாற்றை நிரப்பவில்லை. இயக்கத்தின் துவக்கும் அரசின் துவக்குமே நிரப்பின. யாழ்ப்பாணம் புனித யோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜா 1985 ஜூன் 26இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினருடன் ஒரு துடுப்பாட்டப் போட்டிக்கு ஒழுங்கு செய்ததே காரணம் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதிபர் இராசதுரை 2005 ஒக்டோபரில் அதே முறையில் மாண்டார். தெற்கே எம்பிலிப்பிட்டியில், மாணவர்களுக்கிடையே ஒரு காதற் கடிதத்தால் எழுந்த சச்சரவு 1989 பயங்கரக் காலத்தில் பாடசாலை அதிபரிடமிருந்து இராணுவ முகாம்வரை சென்றது. மாணவர்கள் பலர் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போயினர். 1999இல் அதிபரும் இராணுவத்தினர் சிலரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இவற்றில் எந்தத் துவக்கையும் பாடசாலை வலயச் சட்டமொன்று தடுத்திருக்காது என்று வாதிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பாடசாலைப் படலைக்குள் துவக்குக்கு வேலையில்லை என்ற எண்ணம் ஒரு சமூகத்தில் எழுத்தில்கூட இல்லாதபோது, படலையைத் தாண்டுவது எவருக்கும் பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை.

கொச்சிக்கடைக்குத் திரும்புவோம். 2008 ஜனவரி 1, புத்தாண்டுக் காலை. இராமநாதன் கட்டிய அதே கோயில். ஐக்கிய தேசியக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரும் முன்னாள் இந்து கலாசார அமைச்சருமான தியாகராஜா மகேஸ்வரன் குடும்பத்தோடு வழிபட வந்திருந்தார். முந்திய மாதம் வரவுசெலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்த பின் அவருடைய பாதுகாவலர் தொகை குறைக்கப்பட்டிருந்தது. பக்தர் கூட்டத்தின் நடுவே ஒருவன் சுட்டான். மகேஸ்வரனும் மெய்ப்பாதுகாவலர் ஒருவரும் இறந்தனர். பாதுகாவலரின் பதிற்சூட்டில் காயமுற்ற கொலையாளி பிடிபட்டான். பின்னர் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அன்று வழிபட வந்தோரில் காயமடைந்தவர்கள் பலர். ஆலயத்தினுள் ஒரு துவக்கை இன்னொரு துவக்கு எதிர்கொண்டால் நடுவில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21. மறுபடியும் உயிர்த்த ஞாயிறு. அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்த தற்கொலைக் குண்டுகள் 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. கருவி துவக்கு அன்று, வெடிகுண்டு. ஆனால் முன்கதையில் துவக்கு இருந்தது. 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் காவலரணில் இருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களுடைய துவக்குகள் பறிக்கப்பட்டன. முன்னாள் விடுதலைப் புலி ஒருவரைப் பிடித்து அடைத்துவிட்டு விசாரணை வேறு திசையில் ஓடியது. கொலையாளிகள் யார் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரே வெளிவந்தது.

அந்த மே மாதத்தில் அரசு, மக்களிடமுள்ள வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்னது. பாடசாலைகளின் இரண்டாம் தவணை தள்ளிப்போய், 6ஆம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு மே 6ஆம் திகதியும், சிறுவர்களுக்கு மே 13ஆம் திகதியும் தொடங்கியது. கத்தோலிக்கத் தனியார் பாடசாலைகள் இன்னும் தாமதித்தன. முதல் நாள் வகுப்புகள் வெறிச்சோடிக் கிடந்தன. படலைகளில் துவக்கேந்திய பொலிஸாரும் படையினரும் நின்றனர். பிள்ளைகளின் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் பைகளை வாங்குமாறு சில பாடசாலைகள் கூறின. கொட்டாஞ்சேனையில் அந்நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்றபோது நான் கண்டது ஒன்று உண்டு. பல வாசல்களில் பைகளைத் திறந்து பார்த்தவர்கள் பெற்றோர்களே. முறைவைத்து வந்து நின்றார்கள். சோற்றுப் பெட்டியைத் திறந்து மூடிக் கொடுக்கும் தாயின் கைக்கும், பத்தடி தள்ளி நின்ற படைவீரனின் கையிலிருந்த துவக்குக்கும் இடையில் பிள்ளைகள் உள்ளே போனார்கள். தமிழ்ப் பெற்றோரில் ஒரு தலைமுறைக்கு அந்தத் துவக்கு புதிதன்று. சோதனைச் சாவடிகளின் கொழும்பில் வளர்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்குத்தான் புதிது.

அப்போதும் எவரும் ஆசிரியர்களுக்குத் துவக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு பாடசாலைப் படுகொலைக்குப் பின்னும் எழும் அந்தக் குரல் இங்கே கேட்கவில்லை. துவக்கு என்பது சலுகை, உரிமையன்று என்ற 1916இன் மனப்பாங்கு இங்கே நமக்கு நன்மை செய்தது என்பேன்.

சலுகை பெற்றவர்கள் விடயம் வேறு. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டுக்கொண்டது. அனுமதிப்பத்திரம் பெற்றவர்களில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்களும் இருந்தனர். மூன்று மாதங்களில், 2025 பெப்ரவரி 19இல், கொச்சிக்கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய புதுக்கடை நீதிமன்றத்தினுள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் பாதாள உலகச் சந்தேக நபர் ஒருவரைச் சாட்சிக் கூண்டருகே சுட்டுக் கொன்றான். பக்கங்களைக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் துவக்கு வந்திருந்தது. இரண்டு நாட்களில் கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்ட சந்தேக நபர்கள் இருவர் அன்றிரவே பொலிஸாரின் சூட்டில் இறந்தனர்.

இவற்றையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்த முறை திருத்துவோர் இடம் பற்றியும் ஓரிரு பிரிவுகள் எழுத வேண்டும் என்பது என் கருத்து. பாடசாலை, ஆலயம், நீதிமன்றம், வைத்தியசாலை ஆகிய நான்குக்குள் அனுமதிப்பத்திரத் துவக்கும் வரலாகாது. அமெரிக்கர்களின் ஆயிரம் அடி இங்கே பொருந்தாது. கொழும்பு 13 முழுவதும் வட்டத்துக்குள் வந்துவிடும். மதிலும் படலையும் எல்லையாக இருந்தாற் போதும். கடமையிலிருக்கும் பொலிஸாருக்கு விலக்கு வேண்டும். அந்த விலக்கையும் எழுத்தில் வரையறுக்க வேண்டும். எம்பிலிப்பிட்டிக்குப் பின் அது அவசியம். கஷ்டம் வரப்போவது வேறோர் இடத்தில். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களுக்குப் பிரதம அதிதியாக வரும் பிரமுகரின் பின்னால் இரண்டு மூன்று மெய்ப்பாதுகாவலர்கள் மேடையோரத்தில் நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அவர்களைப் படலையில் நிறுத்திவிட்டு வாருங்கள் என்று சொல்லும் பிரிவுக்குப் பாராளுமன்றத்தில் கை உயர்த்த வேண்டியவர்களும் அதே பிரமுகர்கள்தாம்.